கிடாரில் மெட்டும் கார்டும்: ஒற்றைக் கம்பியில் தொடங்கி முழுப் பாட்டு வரை

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிடார் கையில் எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி ஜி, டி, இ மைனர், சி என்று நான்கு கார்டு கற்றுக்கொண்டு, போனில் பாட்டு வரிகளுக்கு மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாசிக்கும். போனில் சார்ஜ் போய்விட்டால் கையும் நின்றுவிடும். இன்னொரு கட்சி முதல் கம்பியில் தடவித் தடவி, பிடித்த பாட்டின் மெட்டை அழகாக எடுத்துவிடும். நண்பன் பாடுகிறான், கூட வாசி என்றால் திகைத்துப் போகும்.

இரண்டு கட்சிக்கும் குறை ஒன்றுதான். கார்டு வேறு, மெட்டு வேறு என்று நினைத்துக்கொண்டு பழகுகிறார்கள். உண்மையில் கார்டு என்பது மெட்டு நடமாடும் அதே ஏழு சுரங்களில் மூன்றை எடுத்து ஒன்றாக ஒலிக்க விடுவது. மெட்டைக் காதால் பிடிக்கத் தெரிந்தால் கார்டை யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, நீங்களே கண்டுபிடிக்கலாம். அதனால் இங்கே கார்டு படங்களிலிருந்து தொடங்காமல் மெட்டிலிருந்து தொடங்குகிறேன். வரிசையை மாற்றாமல் வாருங்கள். கிடாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் பயன்.

கம்பிகளும் சுருதியும்

கம்பிகளின் எண்ணிக்கை கீழிருந்து மேலே போகும். மெல்லிய கம்பி ஒன்று, தடித்த கம்பி ஆறு. தடித்ததிலிருந்து சொன்னால் இ, ஏ, டி, ஜி, பி, இ. போனில் ஏதாவது ஒரு இலவச ட்யூனர் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்யூனர் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு ஃப்ரெட். ஆறாவது கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலிதான் ஐந்தாவது கம்பியின் வெறும் ஒலி, அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வருவது. அதே மாதிரி ஐந்தாவதிலிருந்து நான்காவது, நான்காவதிலிருந்து மூன்றாவது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மட்டும் நான்காம் ஃப்ரெட். இரண்டாவதிலிருந்து முதல் கம்பிக்கு மறுபடி ஐந்தாம் ஃப்ரெட்.

சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். சி கார்டை வாசித்துப் பார்த்து, அதில் இருக்கும் ‘க’ (இ சுரம்) கொஞ்சம் ஏறிக் கேட்கிறதே என்று கம்பியைத் தளர்த்துவார்கள். அவர்கள் காது சரிதான். தம்பூராவோடு சேரும் தூய ‘க’வை விடக் கிடாரின் ‘க’ சுமார் 14 சென்ட் அதிகம் (ஒரு ஃப்ரெட் இடைவெளி 100 சென்ட்). பன்னிரண்டு சுரத்தானங்களையும் சம இடைவெளியில் வைத்ததால் வந்த சமரசம் அது. சி கார்டுக்காகத் தளர்த்தினால் அடுத்து இ மேஜர் கார்டு கசக்கும். ட்யூனர் சொல்வதோடு விட்டுவிடுங்கள்.

சித்திரை வெயிலில் தர்மபுரி, அரூர் பக்கம் தகரக் கூரை வீட்டில் கிடாரைத் தொங்கவிட வேண்டாம். நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டு ஒகேனக்கலில் குளிக்கப் போகவும் வேண்டாம். சூட்டில் பசை இளகும், கழுத்து வளையும், கம்பி உயரம் மாறிவிடும். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்கு வேறு தொல்லை: மார்கழிக் காலைக் குளிரில் சேர்த்த சுருதி மதியம் விலகியிருக்கும். எடுக்கும்போதெல்லாம் சரிபார்ப்பது ஒன்றே வழி.

முதல் படி: ஒரே கம்பியில் ஏழு சுரம்

இரண்டாவது கம்பியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டில் வருவது சி. அதை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து:

ச – 1, ரி – 3, க – 5, ம – 6, ப – 8, த – 10, நி – 12, மேல் ச – 13

எண்கள் எல்லாம் ஃப்ரெட் எண்கள். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மேலும் கீழும் போய்ப் பாருங்கள். வாசிக்கும்போது வாயால் ச ரி க ம பாடியே தீர வேண்டும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பாடாமல் வாசிப்பவருக்கு விரல் பழகும், காது பழகாது.

இடைவெளிகளைக் கவனியுங்கள். ச-ரி, ரி-க இரண்டு ஃப்ரெட், க-ம ஒரே ஃப்ரெட், அப்புறம் ப, த, நி வரை இரண்டிரண்டு, கடைசியில் நி-ச ஒரே ஃப்ரெட். இதுதான் மேற்கத்திய இசையில் மேஜர் ஸ்கேல். கர்நாடக இசையில் 29-வது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்தின் சுரங்களும் இவையே. கமகம் போட்டு, அதாவது சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடும் ராகத்தின் உருவம் வேறு. சுரத்தானங்கள் மட்டும் ஒன்று.

இந்தச் சுரங்களின் மேற்கத்தியப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: ச சி, ரி டி, க இ, ம எஃப், ப ஜி, த ஏ, நி பி. கார்டுகளின் பெயர்கள் இந்த எழுத்துகளில்தான் இருக்கும்.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது எனக்கு எப்போதும் எளிதாக இருக்கிறது. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் விடிய விடிய ஆர்மோனியப் பெட்டி சுருதியோடு வளர்ந்தவர்கள் பலர். கட்டை என்ற சொல் அவர்களுக்குப் புதிதல்ல. பெட்டியின் வெள்ளைக் கட்டைகள் ஏழு: ஒன்று சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் இருக்கும் கருப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், ஏழரையும் கிடையாது. ஏனென்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவேயும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவேயும் கருப்புக் கட்டையே இல்லை. கிடாரில் க-ம, நி-ச ஒரே ஃப்ரெட் தள்ளி வந்ததற்கும் அதுதான் காரணம்.

இரண்டாம் படி: அதே சுரங்கள், மூன்று ஃப்ரெட்டுக்குள்

ஒரே கம்பியில் ஓடினால் கை அலையும். ஆறு கம்பி இருப்பதே அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான். அதே ஏழு சுரங்களை முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் எடுப்போம். இப்போது ‘ச’ ஐந்தாவது கம்பியில் தொடங்குகிறது, முன்பு வாசித்ததை விட ஒரு ஸ்தாயி கீழே.

ச – ஐந்தாவது கம்பி, 3-வது ஃப்ரெட்
ரி – நான்காவது கம்பி, வெறும் கம்பி
க – நான்காவது கம்பி, 2
ம – நான்காவது கம்பி, 3
ப – மூன்றாவது கம்பி, வெறும் கம்பி
த – மூன்றாவது கம்பி, 2
நி – இரண்டாவது கம்பி, வெறும் கம்பி
மேல் ச – இரண்டாவது கம்பி, 1

இதற்கு மேலும் போகலாம்: இரண்டாவது கம்பி 3-ல் மேல் ரி, முதல் கம்பி வெறுமனே மேல் க, 1-ல் மேல் ம, 3-ல் மேல் ப. எந்த ஃப்ரெட்டோ அதே எண்ணுள்ள விரல்: ஒன்றுக்கு ஆள்காட்டி, இரண்டுக்கு நடு, மூன்றுக்கு மோதிர விரல். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் கை வலிக்கும், ஒலியும் கிர்ரென்று வரும்.

சரளி வரிசை தெரிந்தவர்கள் அதையே வாசிக்கலாம். இதைவிட நல்ல ஸ்கேல் பயிற்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சுரத்தைச் சொன்னால் விரல் போய் நிற்க வேண்டும். அதுவரை அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: சுரத்திலிருந்து கார்டு

ஏழு சுரத்தில் ஒன்றை எடுங்கள், அடுத்ததை விடுங்கள், அதற்கடுத்ததை எடுங்கள், மறுபடி ஒன்றை விட்டு இன்னொன்றை எடுங்கள். ‘ச’வில் தொடங்கினால் ச, க, ப. இந்த மூன்றும் சேர்ந்தால் சி மேஜர் கார்டு. முடிந்தது!

இனி சி கார்டைப் பிடியுங்கள். ஐந்தாவது கம்பி 3-ல் மோதிர விரல், நான்காவது கம்பி 2-ல் நடுவிரல், இரண்டாவது கம்பி 1-ல் ஆள்காட்டி. மூன்றாவதும் முதலும் வெறும் கம்பிகள். ஆறாவதைத் தொட வேண்டாம். இப்போது ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு கம்பியாக, மெதுவாக மீட்டிப் பாருங்கள். ச, க, ப, மேல் ச, மேல் க. ஐந்து கம்பி ஒலிக்கிறது, இருப்பது மூன்றே சுரம். போன படியில் நீங்கள் வாசித்த அதே இடங்கள்தான் இவை. கார்டு படத்தில் புள்ளிகளாகப் பார்த்ததற்கெல்லாம் இப்போது பெயர் வந்துவிட்டது. பல வருடம் கிடார் வாசிக்கிறவர்களில்கூட இதைச் செய்து பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். கார்டை ஒருமுறையாவது இப்படிப் பிரித்துக் கேளுங்கள், அதற்கப்புறம் அது வெறும் கைவடிவமாகத் தெரியாது.

மற்ற சுரங்களிலிருந்தும் இதே முறையில் கட்டலாம்:

டி மைனர் – ரி ம த
இ மைனர் – க ப நி
எஃப் மேஜர் – ம த மேல் ச
ஜி மேஜர் – ப நி மேல் ரி
ஏ மைனர் – த மேல் ச மேல் க

‘நி’யில் தொடங்கும் ஏழாவது கார்டு ஒன்று உண்டு. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பிடிக்கும் முறை, ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை (தொடாத கம்பிக்குக் கோடு, வெறும் கம்பிக்குச் சுழி):

சி: – 3 2 0 1 0
ஏ மைனர்: – 0 2 2 1 0
ஜி: 3 2 0 0 0 3
இ மைனர்: 0 2 2 0 0 0
டி மைனர்: – – 0 2 3 1
எஃப், சிறியது: – – 3 2 1 1

எஃப்பில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து முதல் இரண்டு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆறு கம்பியையும் அழுத்தும் பெரிய எஃப்பில் மாட்டிக்கொண்டு கிடாரையே பரணில் ஏற்றிவிட்டவர்கள் நிறையப் பேர். சிறிய எஃப் போதும். அதுவும் வராவிட்டால் கவலை வேண்டாம், கீழே வழி சொல்கிறேன்.

கார்டு மாற்றத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. எந்த விரல் நகராமல் இருக்கலாம் என்று முதலில் பாருங்கள். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படியே நிற்கும். மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியிலிருந்து மூன்றாவது கம்பி 2-க்கு வரும். இரண்டு கார்டுக்கும் பொதுவாக ‘ச’வும் ‘க’வும் இருப்பதால்தான் விரலும் பொதுவாக நிற்கிறது.

மேஜர், மைனர்: வித்தியாசம் எங்கே இருக்கிறது

மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம் என்று சொல்லிக்கொடுப்பதை நான் விரும்புவதில்லை. மைனரில் குத்துப்பாட்டு எத்தனையோ உண்டு, மேஜரில் தாலாட்டும் உண்டு. காதால் பிடிக்க வேண்டியது வேறு. இ மேஜர் கார்டை 0 2 2 1 0 0 என்று பிடியுங்கள். மீட்டிவிட்டு, மூன்றாவது கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மீட்டுங்கள். இ மைனர் ஆகிவிட்டது. ஒரே சுரம், ஒரே ஃப்ரெட் இறங்கியது. அந்தக் கார்டின் அடிச்சுரத்தை ‘ச’ என்று கொண்டால், இறங்கியது அதன் ‘க’. ‘ச’விலிருந்து நான்கு ஃப்ரெட் தள்ளி இருந்தால் அந்தர காந்தாரம், மேஜர். மூன்று ஃப்ரெட் தள்ளி இருந்தால் சாதாரண காந்தாரம், மைனர். அவ்வளவுதான்.

ஏ மேஜரிலும் (– 0 2 2 2 0) ஏ மைனரிலும் (– 0 2 2 1 0) இரண்டாவது கம்பியில் இதே ஒரு ஃப்ரெட் வித்தியாசத்தைக் கேட்கலாம். யாரையாவது வாசிக்கச் சொல்லி, கிடாரைப் பார்க்காமல் மேஜரா மைனரா என்று சொல்லிப் பழகுங்கள். பாட்டுக்குக் கார்டு கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்தக் காதுப் பயிற்சியில் முடிந்துவிடும்.

நான்காம் படி: ஒரு மெட்டுக்குக் கார்டு வைப்போம்

இதற்காகவே ஒரு சின்ன மெட்டு தருகிறேன். நான்கு நான்காக எண்ணுங்கள், தகதிமி போதும். படுத்த கோடு (–) வந்தால் முந்தைய சுரம் நீள வேண்டும். நான்கு எண்ணிக்கை ஒரு கட்டம், வரிக்கு இரண்டு; நடுவே நிற்கும் கோடு (|) அவற்றைப் பிரிக்கிறது.

ச க ப ப | த ப த –
ப ம க ரி | ரி – – –
ச க ப ப | த நி மேல்ச –
நி த ப ரி | ச – – –

இரண்டாம் படியில் சொன்ன இடங்களிலேயே வாசியுங்கள். மெட்டு மனப்பாடம் ஆகிப் பாடவும் வந்தபின் கார்டுக்கு வாருங்கள்.

விதி இதுதான்: ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண்ணிக்கையிலும் மூன்றாவது எண்ணிக்கையிலும் விழும் சுரங்களைப் பாருங்கள். தாளத்தில் எடை விழும் இடங்கள் அவை. அந்தச் சுரங்கள் எந்தக் கார்டில் இருக்கின்றனவோ அதுதான் உங்கள் கார்டு. நடுவே வரும் மற்ற சுரங்கள் கார்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவை கடந்து போகிறவை.

முதல் கட்டம்: ச க ப ப. மூன்று சுரமும் சி கார்டின் சுரங்கள். கேள்வியே இல்லை.

இரண்டாவது: த ப த. எடை ‘த’வில். ‘த’ இருக்கும் கார்டுகள் எஃப், ஏ மைனர், டி மைனர். முதலில் ஏ மைனர் போட்டுப் பாருங்கள், அப்புறம் எஃப். எஃப் மெட்டை அகலமாகத் திறந்துவிடும், ஏ மைனர் கொஞ்சம் உள்ளடங்கிக் கேட்கும். இரண்டும் சரி. எஃப் வராதவர்களுக்கு நான் சொன்ன வழி இதுதான்: ‘த’வோ மேல் ‘ச’வோ வரும் இடத்தில் எஃப்புக்குப் பதிலாகப் பல நேரம் ஏ மைனர் உட்காரும். ‘ம’வில் எடை விழுந்தால் மட்டும் உட்காராது, அங்கே டி மைனர் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது: ப ம க ரி. எடை ‘ப’விலும் ‘க’விலும். சி அல்லது இ மைனர். ‘ம’வும் ‘ரி’யும் கடந்து போகின்றன. சோதித்துப் பார்க்க, சி கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது ‘ம’வை நீட்டிப் பிடியுங்கள். பக்கத்து ஃப்ரெட்டில் இருக்கும் ‘க’வோடு அது உரசும், ‘க’வுக்கு இறங்கிவிடு என்று காது கேட்கும். இறங்குங்கள். இந்த உரசலும் இறக்கமும்தான் மெட்டுக்கு உயிர். கார்டுச் சுரங்களில் மட்டுமே நடக்கும் மெட்டு சப்பென்று இருக்கும்.

நான்காவது: நீண்ட ‘ரி’. ஜி அல்லது டி மைனர். பாட்டு பாதியில் மூச்சு வாங்கும் இடம் இது. இங்கே ஜி போடச் சொல்வேன். ஜி கார்டுக்குள் ‘நி’ இருக்கிறது. மேல் ‘ச’வுக்கு ஒரே ஃப்ரெட் கீழே நின்று, வீட்டுக்குப் போகலாம் என்று இழுக்கிற சுரம் அது. அதனால் அடுத்த கட்டத்தில் சி வரும்போது காது நிறையும். பாட்டின் முடிவில் ஜி-யும் அதன்பின் சி-யும் எத்தனையோ பாடல்களில் அடுத்தடுத்து வருவது இந்த இழுப்பால்தான்.

மீதியை நீங்களே போட்டுவிட்டு என்னுடையதோடு ஒப்பிடுங்கள்: ஐந்தாவது சி, ஆறாவது ஏ மைனர், ஏழாவது ஜி, எட்டாவது சி. ஆறாவதில் எஃப் வைத்திருந்தாலும் சரியே. ஏழாவதில் நி, ப இரண்டும் ஜி-யின் சுரங்கள், கடைசி ‘ரி’யும் அதிலேயே இருக்கிறது, ‘த’ மட்டும் கடந்து போகிறது.

ஸ்ட்ரம்மிங்கைப் பற்றி, அதாவது கம்பிகளைச் சேர்த்து வருடி மீட்டுவதைப் பற்றி, அதிகம் சொல்லப்போவதில்லை. முதலில் எண்ணிக்கைக்கு ஒரு தடவை கீழ்நோக்கி. அது பிசகாமல் வந்ததும்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். கம்பியைத் தொடாத நேரத்திலும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் மெட்டும் ஒருவர் கார்டுமாக இரண்டு கிடாரில் வாசித்தால் இந்தப் படியின் பலன் முழுமையாகத் தெரியும். இரண்டு கிடார் இல்லையா, கார்டைப் போனில் பதிவு செய்து ஓடவிட்டு அதன்மேல் மெட்டை வாசியுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டையும் ஒரே கிடாரில்

இப்போது அதே மெட்டை மேல் ஸ்தாயியில் எடுப்போம், மெட்டு மெல்லிய கம்பிகளுக்கு வந்துவிடும், தடித்த கம்பிகள் துணைக்குக் கிடைக்கும். கட்டைவிரலால் அடிச்சுரம், மற்ற விரல்களால் மெட்டு. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வேண்டாம்.

சி கார்டைப் பிடியுங்கள். முதல் எண்ணிக்கையில் கட்டைவிரல் ஐந்தாவது கம்பியையும், அதே நேரத்தில் இன்னொரு விரல் இரண்டாவது கம்பியையும் இழுக்கட்டும். அது ‘ச’. அடுத்து முதல் கம்பி வெறுமனே, அது ‘க’. சுண்டுவிரலை முதல் கம்பி 3-ல் வைத்தால் ‘ப’. கார்டை விடாமலே மெட்டின் முதல் கட்டம் முடிந்துவிட்டது! மெட்டு கார்டுக்குள்ளேயே இருக்கிறது என்று இவ்வளவு நேரம் சொன்னதை விரல் இப்போது நேரில் பார்க்கிறது.

இரண்டாவது கட்டத்தில் ஐந்தாவது வெறும் கம்பி ஏ, கட்டைவிரல் அதை ஒலிக்கவிட, இடதுகை தாராளமாக மேலே போகலாம்: முதல் கம்பியில் 5, 3, 5. மூன்றாவதில் மறுபடி சி-யின் அடிச்சுரம் ஐந்தாவது கம்பி 3, மெட்டு முதல் கம்பி 3, 1, 0, அப்புறம் இரண்டாவது கம்பி 3. இங்கே விரல்கள் கார்டை விட்டு விலக வேண்டிவரும், அடிச்சுரம் மட்டும் நிற்கட்டும். நான்காவதில் ஜி: ஆறாவது கம்பி 3-ம் இரண்டாவது கம்பி 3-ம் சேர்த்து.

ஆறாவது கட்டத்தில் ஐந்தாவது வெறும் கம்பிக்கு மேல் முதல் கம்பி 5, 7, 8. ஏழாவதில் கை அவ்வளவு தூரம் விரியாது. அதனால் அடிச்சுரத்துக்கு மூன்றாவது வெறும் கம்பியை இழுங்கள், அதுவும் ஜி-தான். மெட்டு முதல் கம்பியில் 7, 5, 3, பிறகு இரண்டாவது கம்பி 3. முடிவில் சி கார்டு முழுவதும். வேகம் வேண்டவே வேண்டாம். ஒரு கட்டத்தை நாள் முழுக்க வாசித்தாலும் குற்றமில்லை.

பாடுபவரின் கட்டைக்குப் போவது

இங்கேதான் கேப்போ வேண்டும். கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி அது. பாடுபவர் ஒன்றாம் கட்டையில் (சி-யை ‘ச’வாக வைத்து) பாடினால் சி கார்டுகளை அப்படியே வாசிக்கலாம். ஒன்றரை என்றால் கேப்போ முதல் ஃப்ரெட்டில், இரண்டு கட்டை என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில், இரண்டரைக்கு மூன்று, மூன்று கட்டைக்கு நான்கு, நாலு கட்டைக்கு ஐந்து. கைவடிவம் மாறாது, சுருதி மட்டும் ஏறும். அதற்கும் மேலே கேப்போவை ஏற்றினால் கிடார் பொம்மை மாதிரிக் கீச்சிடும். ஐந்து கட்டைக்கு ஜி வடிவங்களுக்கு மாறிவிடுங்கள். ச சி, ம எஃப், ப ஜி, த ஏ மைனர் என்று இருந்ததெல்லாம் முறையே ஜி, சி, டி, இ மைனர் ஆகும். டி மேஜர் – – 0 2 3 2. எஃப் தொல்லையும் இதில் இல்லை. ஐந்தரைக்கு இந்த ஜி வடிவங்களோடு முதல் ஃப்ரெட்டில் கேப்போ, ஆறு கட்டைக்கு இரண்டில். பெண் குரல்களுக்கு இந்த வரிசை நிறையப் பயன்படும்.

மாதா கோவில் பாடற்குழுவில் வாசிக்கும் பிள்ளைகள் இதை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடுவார்கள். கீபோர்டுக்காரர் எந்தக் கட்டை என்று சொன்னதும் கேப்போ தானாக நகரும்.

கார்டு போடக் கூடாத இடம்

எல்லாப் பாட்டுக்கும் கார்டு போட்டே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கமகத்தில் வாழும் ராகங்கள் உண்டு. தோடியில் ‘க’வும் ‘நி’யும் ஒரு இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். அதன்மேல் அசையாத கார்டைப் போட்டால் பாட்டு விறைத்துப் போகும். கூத்துப் பாட்டும் பல நாட்டுப்புறப் பாட்டும் ஒரே சுருதிமேல் நடப்பவை. உச்சக் குரலில் கூத்துக்காரர் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும் அந்த வேகத்துக்கு நடுவே கார்டை மாற்றிக்கொண்டிருந்தால் பாட்டின் கால் இடறும். அங்கே ச-ப மட்டும் போதும்: ஐந்தாவது வெறும் கம்பியும் நான்காவது கம்பி 2-ம். ‘க’ இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. பாடுபவர் எந்தக் காந்தாரத்தைத் தொட்டாலும் இடிக்காது.

மோகனம் இதற்கு நேரெதிர், கிடாருக்கு அது பெரிய வரம். ச ரி க ப த என்று ஐந்து சுரம். உரசலுக்குக் காரணமான ‘ம’வும் ‘நி’யும் அதில் இல்லை. சி-யையும் ஏ மைனரையும் மாற்றி மாற்றி ஒருவர் வாசிக்க, இந்த ஐந்து சுரங்களில் மனம் போனபடி இன்னொருவர் போகலாம். எங்கே நின்றாலும் நன்றாகவே கேட்கும். சொந்தமாக மெட்டுப் போட ஆசைப்படும் பிள்ளைகளை நான் முதலில் இங்கேதான் விடுவேன்.

ஆறாம் படி: உங்கள் பாட்டை எடுப்பது

வீட்டில் பாடும் பாட்டோ, மார்கழி பஜனைப் பாட்டோ, நன்றாக வாயில் வரும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முழுவதும் பாடி முடித்து, கடைசிச் சுரத்தை விடாமல் முனகுங்கள். பெரும்பாலும் அதுதான் ‘ச’. இரண்டாவது கம்பியில் அதைத் தேடிப் பிடியுங்கள். எந்தக் கட்டை என்று தெரிந்துவிடும். அங்கிருந்து மூன்று ஃப்ரெட் மேலேயும் நான்கு ஃப்ரெட் மேலேயும் வாசித்து, பாட்டு எதைத் தொடுகிறது என்று கேளுங்கள். நான்கு என்றால் மேஜர். கேப்போவை வைத்து சி அல்லது ஜி குடும்பத்தை எடுக்கலாம். மூன்று என்றால் மைனர். ஏ மைனரை வீடாகக் கொண்டு டி மைனர், இ மைனர், சி, எஃப், ஜி எல்லாம் அதே சுரங்களிலிருந்து கிடைக்கும். முடிவில் வீட்டுக்குத் திரும்பும் இழுப்பு போதவில்லை என்றால் இ மைனருக்குப் பதில் இ மேஜரைப் போட்டுப் பாருங்கள்.

பிறகு மெட்டை ச ரி க ம-வாகத் தாளில் எழுதுங்கள், தாளக் கட்டங்களாகப் பிரியுங்கள், எடை விழும் சுரங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பொருந்தும் கார்டுகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாடிப் பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் நீங்கள் பாடும் சுரம் தானாகவே விலகிப் போகும், அல்லது அந்த வார்த்தையில் குரல் தயங்கும். தாளில் திருத்த வேண்டிய கட்டம் அது.